‘பெர்சன்’ என்று ஒரு பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றால்கூடப் பத்துப் பேரைக் கேட்கிறோம். ஒரு ஆலையின் தகவல்களுக்கெல்லாம் பெயர் வைத்த நான் ஒருவரையும் கேட்கவில்லை. சொல்ல வந்தவரையும் விரட்டினேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில், ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். போச்சம்பள்ளியில் எங்களுக்கு இன்னொரு ஆலை, பெங்களூரில் தலைமை அலுவலகம். மூன்று இடத்துத் தகவல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முதலில் எந்தத் தகவலுக்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு பட்டியல் வேண்டும். ஒரே கோளாறைத் தமிழில் ஒருவரும் கன்னடத்தில் ஒருவரும் தெலுங்கில் ஒருவரும் சொல்லும் இடம் அது. பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்ததும் தலைகால் புரியாமல் ஆடினேன்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. குறையுள்ள பீஸைக் கண்டுபிடிப்பவர் அதில் சிவப்பு அட்டை கட்டி, தன் டோக்கன் எண்ணை எழுதுவார். நிறைய அட்டை கட்டியவருக்கு மாதக் கூட்டத்தில் கைதட்டு. கம்ப்யூட்டரில் அந்த எண் விழும் இடத்துக்கு நான் வைத்த பெயர் ‘பெர்சன்’. சின்னதாக, அழகாக இருக்கிறதென்று நானே மெச்சிக்கொண்டேன்.

லைன் சூப்பர்வைசர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பட்டியலைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“சார், பெர்சன்னா எந்த பெர்சன்? பீஸைப் புடிச்சவங்களா, கெடுத்தவங்களா? பெங்களூர்ல இந்த அட்டை வழக்கமெல்லாம் தெரியாதுங்க. கொஞ்சம் வெவரமா வெச்சிடுங்க.”

“நீளமா வெச்சா அசிங்கமா இருக்கும். நீங்க உங்க லைனைப் பாருங்க” என்றேன்.

பெயருக்குப் பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதிலும் ‘பெர்சன்’ என்றே எழுதினேன். அவ்வளவு திமிர்.

பரிசோதனை மேசையில் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பயிற்சி ஊழியராக இருந்தாள். மத்திகிரியில் இன்னும் மூன்று பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். மயிரிழை விரிசல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. மாதா மாதம் கைதட்டு அவளுக்குத்தான். வேலை நிரந்தரமானால் தங்கையைக் கல்லூரியில் சேர்ப்பதாக ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நிரந்தரமாகும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் பெங்களூரிலிருந்து வந்தது. அவள் பெயர் அதில் இல்லை. இணைத்த தகவலில் மிக அதிகமான குறைகளோடு ஒட்டியிருந்தது அவள் டோக்கன் எண். அத்தனை பீஸையும் கெடுத்தது அவள்தான் என்று படித்திருக்கிறார்கள். அப்படித்தான் படிக்க முடியும். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது நான் முதலில் செய்த காரியம் மேனேஜரிடம் ஓடியதல்ல. கதவைப் பார்த்துக்கொண்டே என் பட்டியலைத் திறந்து ‘பெர்சன்’ என்பதை ‘கண்டுபிடித்தவர்’ என்று பொருள்படும்படி மாற்றினேன். பிறகுதான் அவர் அறைக்குப் போனேன்.

“லிங்க் பண்ணும்போது எங்கியோ கலந்துருச்சு போல சார்.”

“எங்க கலந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் பெங்களூர்ல சண்டை போட முடியும். உனக்குத் தெரியுமா?”

அவர் நல்ல மனிதர், சண்டை போட்டிருப்பார். ‘நான் வைத்த பெயர்தான் சார் காரணம்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது.

“பாக்கணும் சார்” என்றேன்.

கடைசி நாள் மதியம் அவள் டோக்கனை ஒப்படைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். அழுத முகம். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

“நீங்க ஏன் சார் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க? பெங்களூர்க்காரங்க பண்ணுன தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ஆமாம்மா” என்றேன்.