முதல் வரியில் சொல்லுங்க, முருகேசன்

பத்தி எழுதச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பாதி நேரம், "சரி, என்னதான் சொல்ல வர்றீங்க?" என்று கேட்பதிலேயே போய்விடும். பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்திவிட்டு நெற்றியில் தைலம் தடவிக்கொண்ட தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தவர் பிள்ளைகூட இல்லை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வரும் முருகேசன், வயது முப்பத்தொன்பது, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் ஆவதற்கான எழுத்துத் தேர்வில் ஒரு பத்தி எழுத வேண்டும். வயது வரம்பின்படி இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

ஷிப்ட் புத்தகம்

'பாதுகாப்பு' என்று தலைப்புக் கொடுத்தேன். "காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்கு வந்தேன். ஆறு பத்துக்கு பெல்ட் ஓடியது. ஏழு மணிக்குச் சுத்தம் செய்தோம்" என்று போனது. பதினைந்து வருடம் ஷிப்ட் புத்தகம் எழுதிய கை, மணி போடாமல் நகராது. மேலிருந்து விழுந்த நிலக்கரிக் கட்டி ஹெல்மெட்டில் பட்டு அவர் தலை தப்பியது பத்தாவது வரியில்தான் வந்தது. அதைத் தூக்கி முதலில் வையுங்கள், மற்ற வரிகள் அதற்குச் சாட்சி சொல்லட்டும் என்றேன். எனக்குக் கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலோடு சொன்ன பாடம். நான் வாயோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "மொதல்லயே பொழைச்சிக்கினேன்னு சொல்லிட்டா, மீதிய யாருங்க மேடம் படிப்பாங்க?"

ஒரு வரிக்கு ஐந்து மூட்டை

அடுத்த வாரம், "பாதுகாப்பு, சுத்தம், ஒற்றுமை, நேரம் தவறாமை, மரம் வளர்ப்பு ஆகியவை மிக முக்கியம்" என்று தொடங்கினார். ஒரே பத்தியில் இதில் எதை நிரூபிக்கப் போகிறீர்கள், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடுங்கள் என்றேன். அவரைக் கூட்டிப்போக வந்த மனைவி கலா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே சொன்னாள்: "வூட்லயும் இப்படித்தாங்க. கொழம்புல உப்பு இல்லன்னு சொல்ல, எங்க கல்யாணப் பந்தியிலேர்ந்து ஆரம்பிப்பாரு."

என் மனு

எதிர்வீட்டு மாடு என் வாழைக்கன்றைத் தின்றதற்குக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு மனு எழுதி மேசையில் வைத்திருந்தேன். "இருபது ஆண்டுகளாக இந்த பிளாக்கில் அமைதியாக வாழ்ந்துவரும் நான்" என்று கம்பீரமான தொடக்கம். முருகேசன் அதை எடுத்துப் படித்தார். விரலால் வரிகளை எண்ணினார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "மேடம், மாடு ஏழாவது வரியிலதான் வருதுங்க."

முடிவு

தேர்வில் தலைப்பு 'என் வேலை'. "பெல்ட் நிற்கப்போவது, அது நிற்கும் முன்பே என் காதுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்ததாகச் சொன்னார். அப்புறம் வந்த எட்டு வரியும் பெல்ட்டுக்கு அடியில் சுற்றும் ரோலரின் சத்தம்தானாம்: கிரீஸ் காய்ந்தால் எப்படிக் கத்தும், தேய்ந்தால் எப்படி முனகும். வேறு பேச்சே இல்லை. இவர் தேறாவிட்டால் விடைத்தாள் திருத்தியவருக்குத்தான் வகுப்பு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேறியவர்கள் பட்டியல் வந்த அன்று போனில் கலா. "மேடம், அவரு பர்மனென்ட் ஆயிட்டாரு. எப்படி என்னான்றத அவரு அழுது முடிச்சதும் சொல்லுவாரு."

என்னிடம் ஒரு நாளும் பாடம் கேட்காதவள் சொன்ன அந்த முதல் வரியில் திருத்த எனக்கு எதுவுமே அகப்படவில்லை என்பதுதான், இந்தத் தொழிலில் நான் பட்ட ஒரே அவமானம்.