வால்புர்காவுக்கு மூன்று டிராம்போன்

கைத்தான் சரியான முசுடு. குதிரைச் சேணம் தைப்பது அவர் பிழைப்பு. ஊரில் யார் செத்தாலும் நாங்கள் மூன்று பேர் சவப்பெட்டிக்கு முன்னால் டிராம்போன் என்ற நீளப் பித்தளைக் குழலை ஊதிக்கொண்டு நடப்போம்: மேல் சுரத்துக்கு ரூப்பெர்ட், நடுவில் நான், அடிச்சுரத்துக்குக் கைத்தான். எங்கள் லின்ஸ் நகரப் பக்கத்துச் சாவுகளில் இந்த மூன்று குழல்தான். பாட்டோ மேளமோ கிடையாது. இருபத்தாறு வருஷமாக ஊதினோம்.

1846 அக்டோபரில் அவர் மனைவி வால்புர்கா படுத்த படுக்கையாகிவிட்டார். நான் பார்க்கப் போயிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"ஊர்ல போன எல்லாருக்கும் ஊதினீங்க. எனக்கு மட்டும் ரெண்டு பேர வச்சு ஒப்பேத்திடாதீங்க. மூணும் கேக்கணும். இல்ல, எந்திரிச்சு உக்காந்துருவேன், ஆமா!"

"நீ எந்திரிச்சா போதும்டி, வேற என்ன வேணும் எனக்கு?" என்றார் கைத்தான். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

நாலாம் நாள் வால்புர்கா போய்விட்டார். பங்குச் சாமியார் முகத்தைச் சுளித்தார்.

"புருஷன் பெட்டிக்குப் பின்னால அழுதுகிட்டு வரணும்ப்பா. முன்னால ஊதிட்டுப் போனா நல்லாவா இருக்கு?"

"அப்ப அடிச்சுரம் யாரு ஊதுறது? நீங்க ஊதுறீங்களா, சாமி?"



கைத்தான் ஊதினார். ரூப்பெர்ட் அழுது சுரத்தைக் கோட்டை விட்டான். இவர் உதடு துளியும் நடுங்கவில்லை. "கல்நெஞ்சுக்காரன்!" என்று பெண்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அழுதால் ஊத முடியாது என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

பெட்டி குழிக்குள் இறங்க, கடைசி இசை முடிந்தது. அப்புறம் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். வாசிக்கிறவர்கள் அதற்கு நிற்பதில்லை. குழலில் சேர்ந்த எச்சிலை உதறிவிட்டு, வழக்கம்போல மூன்று பேரும் சாப்பாட்டு விடுதிக்கு நடந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் உறைக்கவில்லை.

சூப் வந்தது. கைத்தான் ரெண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி," என்றார். மூன்றாவது வாய்க்குக் கரண்டி பாதியில் நின்றது.

"ஐயோ, நான் மண்ணு போடலையேடா!"

ஓடினோம். வெட்டியான் குழியை மூடி, மேட்டை மண்வெட்டியால் தட்டிச் சமமாக்கிவிட்டுப் போயிருந்தான். கைத்தான் மண்டியிட்டு, அந்த மேட்டிலிருந்தே ஒரு பிடி அள்ளி அதன் மேலேயே போட்டார்.

"பழக்க தோஷம்டி, வால்புர்கா," என்றார். அப்புறம்தான் அழுதார்.