படத்துக்கு முந்தி வந்த போஸ்டர்

எங்கள் சிரிப்புப் படத்தில் ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. அதற்குள் போஸ்டர் ஊரெங்கும் ஒட்டியாகிவிட்டது. அடியில் சிவப்பு எழுத்தில் ‘மாபெரும் வெற்றி’ என்றும் போட்டிருந்தது.

வேறு ஊர்க்காரர்கள் இதைக் கிறுக்குத்தனம் என்பார்கள். சிவகாசிப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே எல்லாம் முதலில் காகிதத்தில்தான் நடக்கும். ஆடி பதினெட்டுக்கே அடுத்த வருசத்துக் காலண்டர் வந்துவிடும். இன்னும் விடியாத நாள்கள் கட்டுக்கட்டாக லாரி ஏறும். வெடிக்கு மருந்து அடைக்கும் முன்னே லேபிள் அச்சாகிக் காத்திருக்கும். அச்சில் வந்ததை நடத்திக் காட்டுவதுதான் மனுசர் பாடு. அந்தப் புத்தியோடுதான் நாங்களும் முதலில் போஸ்டர் அடித்தோம்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று வருசம் இருக்கும். திருத்தங்கலில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. சினிமாவில் பள்ளிக்கூடம் வந்தால் சேட்டை எல்லாம் பையன்களுக்கு. பெண் பிள்ளை சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவன் அடிக்கிற ஜோக்குக்கு வாயைப் பொத்திச் சிரிப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் வகுப்பில் நடக்கிற கூத்தில் பாதியைப் பார்த்தால் அந்தப் பையன்கள் தோப்புக்கரணம் போடுவார்கள். ஒரு நோட்டில் கதை எழுதினேன். கணக்கில் தோற்றுப்போகிற ஒருத்தி, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வாடகைக்கு அப்பா பிடிக்கிறாள். ஒரு மாதம் பால்காரர், மறு மாதம் பஸ் கண்டக்டர், அடுத்த மாதம் டெய்லர். பெற்றோர் கூட்டத்தன்று மூன்று அப்பாவும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள்.

நாங்கள் ஆறு பேர். மீசையெல்லாம் கண்மையில் வரைவது என்று முடிவு. கணக்கில் தோற்பவளாக நடித்த தோழியின் தாய்மாமன் கல்யாண வீடியோ எடுப்பவர். “மார்கழியில முகூர்த்தமே கிடையாதுல்ல, கேமரா சும்மாத்தான்டி தூங்குது. எழுப்பிட்டாப் போச்சு” என்றாள். அத்தா, அதாவது என் தகப்பனார், அச்சகங்களில் நிறம் பார்க்க ஓட்டித் தள்ளுகிற தாள்களை எடைக்கு வாங்கி விற்கிறவர். பள்ளிக்கூடச் சுவருக்குப் பத்து போஸ்டர் கேட்டேன். அச்சகத்துக்காரர் சிரித்தாராம்: “பத்துக்கா? நூறுக்குக் குறைஞ்சா மிசினு என்னை மதிக்காது பாய்.”

நூறு வந்தது. முன்பக்கம் எங்கள் படம், பின்பக்கம் கம்பி மத்தாப்பு லேபிள். அச்சான தாளைச் சும்மா வைத்திருக்க அத்தாவுக்குக் கை வராது. லோடு ஆட்டோக்காரரிடம் கட்டைக் கொடுத்துவிட்டார். அவர் விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆனைக்குட்டத்துக்குப் பிரிகிற விலக்கு வரை, போகிற வழியில் இருந்த சுவரையெல்லாம் நிரப்பிவிட்டார். ‘ஆண்டு விழா மேடையில், தை இரண்டாம் வெள்ளி, காணத் தவறாதீர்கள்.’

எங்கள் தலைமையாசிரியை தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருபவர். அவரும் காணத் தவறவில்லை. ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளிவிட்டு, “யாரைக் கேட்டு ஆண்டு விழாவுல படம்னு போட்டீங்க?” என்றார்.

நான் கதை நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

“சரி. படம் எங்க?”

“இனிமேத்தான் எடுக்கணும் டீச்சர்” என்றேன்.

“இனிமேத்தானா? மாபெரும் வெற்றின்னு போட்டிருக்கு?”

“அது எல்லாப் போஸ்டர்லயும் போடுறதுதான் டீச்சர்.”

பின்னால் ஒருத்தி களுக்கென்றாள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. “போட்ட தேதிக்குப் படம் வரணும். வரலைன்னா மறுநாள் ஆறு பேரும் யூனிபார்மோட போயி, நூறு போஸ்டரையும் சுரண்டி எடுக்கணும். பஸ் ஸ்டாண்டுலருந்து ஆரம்பிக்கணும். நானும் கூட வருவேன்.”

வீட்டில் அம்மா அதைவிடச் சுருக்கமாக முடித்தார். “அங்கன அம்புட்டு ஆம்பளைக முன்னால நின்னு செவுரு சுரண்டிட்டு வந்தேன்னா, பன்னெண்டாப்புக்கு நீ போக வேணாம். படிச்சது போதும்.” அத்தா ஏதோ சொல்ல வந்தார். அம்மா பார்த்த பார்வையில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அம்மா சொன்னால் சொன்னதுதான். என் படிப்பு ஒரு பசைத்தாளில் ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றது. எடுத்தே தீர்வது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டேன். தாள் கிழிந்தது.

அரையாண்டு லீவு முழுக்க எடுத்தோம். அத்தாவின் குடோனில் தாள்கட்டுகளை அடுக்கி, அதுதான் தலைமையாசிரியை மேசை என்றோம். வெயில் ஏறினால் மீசை கரைந்து மோவாயில் இறங்கியது. துடைத்து வரைந்தோம், மறுபடி துடைத்து வரைந்தோம். நல்ல வசனம் வரும்போதெல்லாம் எந்தக் கம்பெனியிலோ வெடியைச் சோதித்துப் பார்ப்பார்கள். டமார். மறுபடி முதலிலிருந்து. கேமராவைத் தோளில் வைத்திருந்த மாமா, “ஏ புள்ளைகளா, என்னையச் சிரிக்க வைக்காதீக, படம் ஆடுது” என்று கெஞ்சினார். படம் ஆடிய இடமெல்லாம் எனக்குப் பிடித்த இடம். எங்கே ஆடவில்லையோ அங்கே வசனத்தை அடித்துவிட்டு வேறு எழுதினேன். தலைமையாசிரியையாக நடித்தவள் கண்ணாடியை ஒற்றை விரலால் தள்ளிவிட்டபோது மாமா கேமராவையே கீழே இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். மார்கழி முடியக் கடைசிக் காட்சியும் முடிந்தது.

தை பிறந்தது. ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மாமா குடோன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“தாயி, ஒரு தப்பு நடந்து போச்சு. கேமராவுக்குள்ள உங்க கேசட்டு இருந்ததை மறந்துட்டேன். மொத முகூர்த்தத்தை அதுமேலயே எடுத்துட்டேன்.”

ஓட்டிப் பார்த்தோம். மூன்று அப்பாக்களும் படியேறி, தலைமையாசிரியை அறைக் கதவைத் தள்ளுகிறார்கள். கதவு திறக்கிறது. உள்ளே யாரோ ஒரு மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிறார்கள். கடைசிக் காட்சி முழுக்கப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை வரை கேமராவுக்கு விடாமல் கல்யாணம்.

அழுகைதான் வந்தது. அதற்கு இழுத்த மூச்சிலேயே சொன்னேன்: “கதவு திறக்கிற வரைக்கும் டிவியில ஓடட்டும். அங்கன நிப்பாட்டுங்க. மிச்சத்தை மேடையில நடிச்சுருவோம்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடையின் இரண்டு பக்கமும் டிவி. கீழே பிள்ளைகள், பின்னால் பெற்றோர்கள். மூன்றாவது வரிசையில் அம்மா, முந்தானையை இழுத்துப் பிடித்தபடி. டிவிக்குப் பின்னால் மாமா படத்தைப் போடப் போகிற நேரம், தலைமையாசிரியையாக நடித்தவள் திரைக்குப் பின்னால் என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, என்னால முடியாது. டேப்புல அவுகளை மாதிரிப் பண்ணினது வேற. அவுக முன்னாலயே பண்ணுறதாவது! என்னைய விட்டுரு.”

கெஞ்சினேன், திட்டினேன். அவள் உட்கார்ந்தே விட்டாள். அதற்குள் படம் ஓட ஆரம்பித்திருந்தது.

வெளியே சிரிப்பு கேட்டது. பால்காரருக்கு ஒரு சிரிப்பு, கண்டக்டருக்கு அதைவிடப் பெரிது. அந்த ஒற்றை விரல் கண்ணாடிக்கு எழுந்த கூச்சலில் மேடைப் பலகையே அதிர்ந்தது. திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் தலைமையாசிரியை மட்டும் அசையவில்லை. கதவு திறந்தது, மாமா நிறுத்தினார், இரண்டு டிவியும் நீலமாயின. மகளாக நடித்தவளும் மூன்று அப்பாக்களும் மேடையில் வரிசையாக நின்றார்கள். எதிரே நாற்காலி காலி.

காலி நாற்காலியைப் பார்த்ததும் கூட்டம் முணுமுணுத்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அது கேலியாகிவிடும். நான் மேடையை விட்டு இறங்கினேன். முன்வரிசைக்குப் போய், மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை முன்னால் நின்றேன்.

“டீச்சர், கடைசிக் காட்சிக்கு ஹெச்.எம். வரலை. நீங்க வரணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் என் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்ந்து போய்விடும் என்று தெரியும். சால்வையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார். மேடையேறி உட்கார்ந்தார். கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளினார்.

கூட்டம் வெடித்தது. அவருக்கு ஏனென்று விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“இந்தப் பொண்ணுக்கு அப்பா யாரு?”

“நான்தான் டீச்சர்” என்றார்கள் மூன்று பேரும்.

“பொண்ணு எந்த வகுப்பு?”

இது நோட்டில் இல்லாத கேள்வி. பால்காரர் எட்டு என்றார். கண்டக்டர் பத்து என்றார். டெய்லர் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து, “நிக்கச் சொல்லுங்க, அளந்து பாத்துச் சொல்றேன்” என்றார்.

“வேணாம். மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க. திங்கட்கிழமை மூணு பேருக்கும் கணக்குப் பரீட்சை. தோத்தா உங்க அப்பாவைக் கூட்டிட்டு வரணும்.”

நான் எழுதியிருந்த முடிவில் உண்மையான அப்பா வருவார், மகள் அழுவாள், புத்தி சொல்வார். அதெல்லாம் தேவைப்படவில்லை. கைதட்டல் ஓயவில்லை. ஆனாலும் உள்ளே ஒன்று குத்தியது: என் படத்தின் நல்ல வசனம் நான் எழுதாத வசனம்.

இறங்கும்போது தலைமையாசிரியை என் பக்கம் குனிந்தார். “ஆறாப்பும் ஏழாப்பும் மதியமே வீட்டுக்குப் போயிட்டாங்க, பாக்கலை. திங்கட்கிழமை அவங்களுக்கும் போடணும். நான் வர்றேன்.”

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பாமலே கேட்டார், “பன்னெண்டாப்புப் புஸ்தகம் எப்பக் குடுப்பாக?”

“முழுப் பரிச்சை முடிஞ்சதும் குடுப்பாகம்மா” என்றேன். மடியில் நோட்டு திறந்திருந்தது. கடைசிப் பக்கத்தை அடித்துவிட்டு, திங்கட்கிழமைக்கு, தலைமையாசிரியை சொன்னதைவிட நல்லதாக ஒரு வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.