மூடுபனியில் தட்டுச் சத்தம்

இன்று காலை சூரியநெல்லி மைதானத்தில் மூடுபனி. போன வாரம் கால்பந்து நடுவர் தேர்வில் தேறிய என் மகள் ஜெனி, தன் முதல் ஆட்டத்தில் விசில் ஊதினாள். ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

என் சிறுவயதில் இதே பனிக்குள் கேட்டது தட்டுச் சத்தம். எஸ்டேட் ஆட்டங்களில் பனி இறங்கினால் கோட்டோரக் கொடி யாருக்கும் தெரியாது. அதனால் அப்பாவின் தங்கை மேரி அத்தை, எனாமல் தட்டும் கரண்டியுமாகக் கோட்டோரம் ஓடுவாள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கறை அவள் விரல்களில் அப்படியே இருக்கும். பந்து வெளியே போனால் 'டங்'. இரண்டு அணியும் மறுபேச்சில்லாமல் நிற்கும்.

மூணாறில் நடுவர் பயிற்சி நடப்பதைக் கேள்விப்பட்டு அத்தை கேட்டாள். "அண்ணே, நானும் போயி பரீட்சை எழுதட்டா?"

எங்கள் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "தட்டத் தட்டுனது போதும். அதுல சோத்தப் போடு."

அதன்பின் அத்தை மைதானத்துக்கு வரவேயில்லை. இன்று நான்தான் வற்புறுத்தி அழைத்துவந்தேன். புரை விழுந்த கண்களை மூடிக்கொண்டு காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பந்து கோட்டுக்கு வெளியே வடிகாலில் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஜெனி ஊதினாள்.

"எப்பிடி அத்தே, ஒங்க பேத்தி?"

"நல்லாத்தான் ஊதுறா." மடியில் அவள் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. "நான் அதுக்கு முந்தியே தட்டியிருப்பேன்டா."