ஸ்டிக்கர் மறைத்த வரி

வைட்ஃபீல்டு தாண்டி ஒரு குடோனில் மூன்று வருஷம் ஸ்டிக்கர் ஒட்டினேன். வெளிநாட்டிலிருந்து வரும் தின்பண்டப் பெட்டிகளில் நம் ஊர் விவரம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இறக்குமதி செய்தவர் முகவரி, விலை, சைவத்துக்குப் பச்சைப் புள்ளி. பொம்மனஹள்ளியிலிருந்து வேனில் போவோம். ஒட்ட வேண்டிய இடத்தை சூப்பர்வைசர் முதல் பெட்டியில் காட்டிவிடுவார். அப்புறம் கை தானாக ஓடும். பெட்டியை யாரும் படிப்பதில்லை.

நான் படிப்பேன். பிளஸ் டூவில் இங்கிலீஷில் மட்டும் ஒரு தடவை ஃபெயிலானவள். அந்த ரோஷம் போகவில்லை. கையில் எது கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன்.

ஒரு தடவை மக்காச்சோளத்தில் செய்த காலைச் சிற்றுண்டி வந்தது. கலர் கலராக வளையங்கள். இரண்டாம் நாள்தான் பெட்டியின் பின்பக்கம் கீழே இருந்த சின்ன வரியைப் பார்த்தேன். அதில் ஒரு நீளமான வார்த்தை புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். மரபணு மாற்றிய பொருள் கலந்தது என்று வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டும் அக்காவிடம் காட்டினேன். கே.ஜி.எஃப். பக்கத்துக்காரர்.

"கத்தரிக்காய்ல என்னமோ பண்ணாங்கன்னு டிவில சண்டை போட்டாங்களே, அதுவா?" என்றார்.

"அந்த மாதிரிதான்க்கா. நம்ம ஸ்டிக்கர் சரியா அது மேலதான் விழுது."

சூப்பர்வைசரிடம் போனேன். கன்னடக்காரர், எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "சார், கொஞ்சம் மேல ஒட்டலாமா? இந்த வரி மறையுது."

"மேல ஒட்டினா படம் மறையும். அதெல்லாம் யாகெம்மா படிக்கறே? சும்னே ஒட்டு."

ஒட்டினேன். முதல் நாளும் அதன் மேலேதான் ஒட்டியிருந்தேன், தெரியாமல். இப்போது தெரிந்தே ஒட்ட ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் அகலம் மேலே தள்ளி ஒட்ட ஆரம்பித்தேன். சரிபார்க்கும் மேஜையிலிருந்து நான் ஒட்டிய பெட்டிகள் திரும்பி வந்தன. எல்லாவற்றையும் உரித்து மறுபடி ஒட்டச் சொன்னார் சூப்பர்வைசர்.

உரித்துக்கொண்டிருந்தபோது தரம் பார்க்கும் மேடம் வந்தார். வாரம் ஒரு முறை ஆபீசிலிருந்து வருவார், சேலத்துக்காரர்.

"ஏன் உரிக்கிறீங்க?"

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். பெட்டியைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். மேடம் படித்தார், போனில் படம் எடுத்தார், சரக்கோடு வந்த காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இதை லேபிள்ல எப்படிப் போடணும்னு நம்ம ஊர்ல விதி இன்னும் முழுசா முடிவாகல. ஆனா பேப்பர்ல இது கலக்கலன்னு எழுதியிருக்காங்க. பெட்டியில கலந்திருக்குன்னு போட்டிருக்காங்க. ரெண்டுல ஒண்ணு தப்பு," என்றார். "தெரியற வரைக்கும் ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

அக்கா மெதுவாகக் கேட்டார்: "நேத்து உடைஞ்ச பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன் மேடம். பேரன் சாப்பிட்டான். எதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன்க்கா. ஆனா என்ன சாப்பிடறோம்னு உங்களுக்குத் தெரியணும் இல்லையா?"

அந்த வாரம் முழுக்க மேஜை காலி. எங்களைப் பழைய அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பினார்கள். தூசியில் எல்லோருக்கும் இருமல். "இவ படிச்சதால வந்த வினை" என்று வேனில் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமலே வேலை சொன்னார்.

பிறகு ஒரு நாள் லாரி வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனது. அனுப்பின இடத்துக்கே திரும்பப் போகிறது என்றார்கள். எது தப்பு, காகிதமா பெட்டியா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் பிஸ்கட் வந்தது. சூப்பர்வைசர் முதல் பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்தே இல்லாத ஒரு மூலையைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் சில்க் போர்டு சிக்னலில் வேன் நின்றிருந்தது. பேரன் அந்த வளையத்தை மறுபடி மறுபடி கேட்கிறான் என்றார் அக்கா.

"என்ன சொன்னீங்க?"

"தீந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?" என்றார்.