நாலு மடங்கு பஞ்சர்

சாலை முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்தவரை அக்கம்பக்கத்தில் எல்லோரும் நீதிபதி என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிதான், ஆனாலும் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. காரணம் அவருடைய ரேட்டு. சைக்கிளுக்குக் காசே கிடையாது. பைக்குக்கு ஊர் ரேட்டு. சின்னக் காருக்கு இரண்டு மடங்கு. கதவு சாத்தினால் சத்தமே வராத பெரிய கார் வந்து நின்றதோ, நாலு மடங்கு.

கடையின் மறுபாதியில் தையல் மிஷின் போட்டிருந்த அவர் மனைவிக்கு இதைக் கண்டாலே ஆகாது. "ஓட்டை ஒண்ணுதானே? பணக்காரன் சட்டைன்னு நான் நாலு மடங்கா கூலி வாங்குறேன்?" என்பாள்.

"அவங்களுக்கு வலிக்காதுடி" என்பார் இவர். வலிக்காத இடத்தில் வாங்கி, வலிக்கிற இடத்தில் விட்டுக்கொடுப்பது இவர் கட்சி. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது அவள் கட்சி. கல்யாணமான நாள்முதல் நடக்கிற வழக்கு, தீர்ப்பு வந்தபாடில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு கறுப்புக் கார் அடிக்கடி வந்தது. வெள்ளைச் சீருடை டிரைவர் ஓரமாக நிற்பார், கேட்டதைக் கொடுப்பார், போவார். பேரமே கிடையாது. ஒவ்வொரு முறையும் டயரில் அதே தடித்த கான்கிரீட் ஆணி. பிடுங்கிய ஆணிகளை நீதிபதி டப்பாவில் போட்டுவைப்பார். தெருவில் எறிந்தால், ஆள் பிடிக்க இவரே ஆணி தூவுகிறார் என்று ஊர் வாய் சும்மா இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒட்டி முடித்ததும் சட்டைப்பையில் கையை விட்டவரை நீதிபதி தடுத்தார். பெரிய கார்க்காரர்களிடம் உங்களுக்கும் சேர்த்துக் கறந்துவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டார். வந்தவர் சிரித்தார். சிரிப்பு சரியாக இல்லை.

"அந்தக் கறுப்புக் கார் டிரைவர் நான்தாண்ணே. யூனிஃபார்ம் இல்லாம உங்களுக்கு அடையாளம் தெரியல. முதலாளி கட்டுற மூணாவது வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஆணி ஏறுது. பாத்து ஓட்டலைன்னு என்னையே கொடுக்கச் சொல்லிட்டாரு. நாலு மடங்கும் என் கைக்காசு."

"ஏன்பா சொல்லல?"

"அவ்வளவு பெரிய கார்லேர்ந்து இறங்கி, காசில்லைன்னு எப்படிண்ணே சொல்றது?"

நீதிபதிக்கு முகம் செத்துவிட்டது. கல்லாவில் இருந்ததை அள்ளி நீட்டினார். அதை வாங்காமல், அடுத்த தடவை குறைச்சுக்குங்க போதும் என்று டிரைவர் சைக்கிள் ஏறிப் போய்விட்டார். மனைவி அன்று 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த முறை கார் வந்தபோது முதலாளியே பின்சீட்டில் இருந்தார். நீதிபதி ஓட்டையை அடைத்துவிட்டு, டிரைவரைத் தாண்டிப் போய்ப் பின்கண்ணாடியைத் தட்டினார். டிரைவர் வெளிறிப்போனார். அவர் வேலைக்கே உலை வைக்கிறோமோ என்று நீதிபதிக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் கண்ணாடி இறங்கிவிட்டது. ஊர் ரேட்டுக்கு நாலு மடங்கு ஆகும் என்று கேட்டுவிட்டார்.

"ஓட்டை ஒண்ணுதானே, எதுக்கு நாலு மடங்கு?" என்றார் முதலாளி. உள்ளே தையல் மிஷின் நின்றது.

நீதிபதி தன் ரேட்டை ஒளிக்காமல் சொன்னார்.

"வசதிக்கு ஏத்த வரி நான் சர்க்காருக்குக் கட்டுறேன். அதுக்கு மேல வரி போட உங்களை யார் உட்கார வச்சது?"

நியாயமான கேள்விதான். நீதிபதி உள்ளே போனார். டப்பாவைக் கொண்டுவந்து கான்கிரீட் ஆணிகளை மட்டும் பொறுக்கி உள்ளங்கையில் காட்டினார்.

"உங்க கார்ல எடுத்தது சார். இதெல்லாம் ரோட்டு ஆணி இல்ல, கட்டட ஆணி. உங்க புது வீட்டு வாசல்ல யார் ஓட்டினாலும் ஏறும்."

முதலாளி ஆணிகளைப் பார்த்தார், டிரைவரின் முதுகைப் பார்த்தார். பிறகு, ஊர் ரேட்டுக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் பர்ஸை எடுத்தார். இனி பஞ்சருக்கு என்னிடம் வாங்கிக்கொள் என்று டிரைவரிடம் சொன்னது வெளியிலும் கேட்டது.

கார் போனதும் மனைவி எட்டிப் பார்த்தாள். "நாலு மடங்கு என்னாச்சு?"

"ஒரு மடங்குதான் வந்துச்சு."

"அப்ப தோத்துட்டீங்க."

நீதிபதி கையிலிருந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்லடி. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் அந்தப் பணக்காரன்கிட்ட வாங்கியிருக்கேன்."