போகாதீங்க சார்

என் வீட்டுக்காரர் ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘போறேன் சார்’. பிளேடு மொக்கையாகிவிட்டால் “நான் வேலையை விட்டுப் போறேன் சார்.” மின்விசிறி ஓடவில்லையென்றால் “நான் போறேன் சார்.” முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். “தாராளமா போ. போறதுக்கு முன்னாடி அந்த நோட்டுக் கட்டை வெட்டிட்டுப் போ” என்பார். இவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெட்டுவார். வெட்டி முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிடும். வீட்டுக்கு வந்துவிடுவார்.

வீட்டிலும் அதே பாட்டுதான். சட்டையில் பொத்தான் இல்லையா, துண்டு ஈரமாக இருக்கிறதா, உடனே ஆரம்பித்துவிடும். “இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை இருக்கு? நான் எங்கயாவது போயிடறேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய் நிற்பார். நான் அடுப்படியிலிருந்தே, “போறதுதான் போறீங்க, வரும்போது ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க” என்பேன். மகராசன் வாங்கிக்கொண்டு வருவார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாக எங்கள் வீட்டுக்குப் பால் இப்படித்தான் வருகிறது.

உலகத்தில் அவரிடம் ‘போகாதீங்க’ என்று சொன்ன ஒரே ஜீவன் போன் கம்பெனிக்காரிதான்.

அவரிடம் ஒரு பழைய போன் உண்டு. கம்பெனியே தவணையில் கொடுத்தது. மூலையில் கீறல் விழுந்து, பின்மூடிக்கு ரப்பர் பேண்டு போட்டிருக்கும். வீட்டுக்குள் அதற்கு சிக்னல் கிடையாது. மாடிப்படித் திருப்பத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால்தான் எடுக்கும். மாதம் தவறாமல் அங்கே போய் நின்று கம்பெனிக்குப் போன் போடுவார். அதுவும் ஸ்பீக்கரில். பக்கத்து நாலு வீட்டுக்கும் கேட்க வேண்டுமாம்.

“சிக்னலே இல்ல. நான் வேற கம்பெனிக்குப் போறேன்!”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார்” என்று அந்தப் பெண் பதறுவாள். “இத்தனை வருஷமா எங்ககூட இருக்கீங்க. உங்கள இழக்க எங்களுக்கு மனசே இல்ல சார்.”

இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். “சரி சரி, நீ இவ்ளோ சொல்றதால இருக்கேன்” என்பார். அவளும் ஏதோ நூறு குறுஞ்செய்தி இலவசம் என்பாள். இவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் தெரியாது, அனுப்ப ஆளும் கிடையாது. ஆனால் படியிறங்கி வரும்போது அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! “கேட்டியா? மனசே இல்லையாம்” என்பார் என்னிடம். “சம்பளத்துக்குப் பேசறா. எனக்கும் யாராவது சம்பளம் குடுத்தா சொல்லுவேன்” என்றேன் ஒருமுறை. அன்றைக்கு இரண்டு பால் பாக்கெட் வந்தது.

எங்கள் மகளுக்கு வேலை கிடைத்ததும் வம்பு வந்தது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் அப்பாவுக்கு லைன் போவதில்லை என்று வேறொரு கம்பெனி சிம்மை வாங்கி வந்துவிட்டாள். “மாசாமாசம் போறேன் போறேன்னு சொல்றீங்களேப்பா. இந்தாங்க, போங்க” என்று கையில் வைத்தாள்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வீராப்பை விடுவாரா? போட்டார். ‘இந்த சிம்மை ஏற்க முடியாது’ என்றது போன். கம்பெனி தன் சிம்மைத் தவிர வேறு எதுவும் ஓடாதபடி லாக் செய்து கொடுத்திருக்கிறது என்று மகள் விளக்கினாள். இவருக்கோ வாயெல்லாம் பல்.

“பாத்தியா? விட மாட்டேங்கறாங்க!”

“தவணையைக் கட்டி முடிச்சு எத்தனை வருஷமாச்சு! கேட்டா அன்லாக் கோட் குடுத்துடுவாங்கப்பா. கேளுங்க.”

“அவ்ளோ லேசுல குடுத்துடுவாங்களா? கால்ல விழாத குறையா கெஞ்சுவாங்க பாரு.”

ஞாயிற்றுக்கிழமை காலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு படித் திருப்பத்துக்குப் போனார். நானும் மகளும் பின்னாலேயே போனோம். மேல் வீட்டு டீச்சரம்மா துணி காயப்போடும் சாக்கில் அங்கேயே நின்றாள். ஸ்பீக்கர் அலறியது. இந்தத் தடவை பேசியது ஒரு ஆண் குரல்.

“எனக்கு அன்லாக் கோட் வேணும். வேற கம்பெனிக்குப் போறேன்.” குரலை நன்றாக உயர்த்தித்தான் சொன்னார்.

“சரி சார். எழுதிக்கோங்க.”

இவர் எழுதவில்லை. “ஏன் போறேன்னு கேக்கலையே?”

“தேவையில்ல சார்.”

“தம்பி, நான் எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கேன், தெரியுமா?”

“திரையில தெரியுது சார். கோட் நம்பரைச் சொல்லட்டுமா?”

“எப்பவும் ஒரு பொண்ணு பேசுமே. போகாதீங்கன்னு சொல்லுமே. அதுகிட்ட குடு.”

“அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க சார். உங்க மாதிரி பழைய மாடல் வெச்சிருக்கறவங்களுக்கு இப்ப அந்தச் சலுகை கிடையாது.”

“போகாதீங்கன்னு சொல்றது சலுகையா?”

“ஆமா சார். சலுகைக் கணக்குலதான் வரும்.”

டீச்சரம்மா ஏற்கெனவே உதறிய துண்டையே மறுபடி உதறினாள். மகள்தான் குனிந்து எண்களைக் குறித்துக்கொண்டாள். “வேற ஏதாவது உதவி வேணுமா சார்?” என்றான் அவன். லைன் அறுந்தது. நான் சிரித்தேன். பின்னே, அழவா முடியும்? இத்தனை மாதமாக ஊரைக் கூட்டி ஸ்பீக்கர் போட்ட மனுஷனுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

மகள் அந்தக் கோட் நம்பரைப் போட்டாள். போன் திறந்துகொண்டது. புது சிம்மில் அடுப்படி, குளியலறை, கட்டிலுக்கு அடி, எங்கே வைத்தாலும் சிக்னல் கொட்டியது. அதன்பிறகு இவருக்கு மாடிப்படியில் வேலையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மகள் கூப்பிட்டால் “ம்” என்பார். அவ்வளவுதான்.

அச்சக முதலாளி என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? பிளேடு உடைஞ்சுகூடப் போச்சு. போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல. பயமா இருக்கும்மா.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வீட்டிலும் சத்தமே இல்லை. வேண்டுமென்றே துண்டை ஈரமாக வைத்தேன். பேசாமல் அதிலேயே துடைத்துக்கொண்டார். பொத்தான் அறுந்த சட்டையை எடுத்து வைத்தேன். ஊக்கு குத்திக்கொண்டு போனார். பால் நின்றுபோய் வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எத்தனை நாள்தான் சுவரோடு குடித்தனம் நடத்துவது? ஒருநாள் பையை எடுத்து இரண்டு புடவையை அடைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

“நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு சொல்ல முடியாது.”

இவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சரிங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பையை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். ஆனால் கால் நகரவில்லை. ‘ஏன்’ என்று ஒரு வார்த்தை கேட்பார், கேட்பார் என்று அங்கேயே நின்றேன். கேட்கவில்லை. இந்த வயதில் வாசலில் நின்று கண் கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களை அடித்திருப்பேன்.

“போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?” என்று கத்தினேன்.

மெதுவாகத் தலையைத் தூக்கினார். கிண்டல் இல்லை அந்த முகத்தில்.

“இருபத்து மூணு வருஷத்துல உனக்கு எத்தனை முத்து உதிர்ந்துச்சு?”

பையைக் கீழே வைத்துவிட்டுப் பால் வாங்க நானே போனேன்.